படுக்கைக்குக் கூட வரும் பாக்கி

செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரிய வீட்டைப் போன வருடம் முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்காகத் திறந்தோம். வருடத்தில் பத்து நாள் திறந்திருந்தால் அதிகம், மற்ற நாளெல்லாம் காவலுக்கு இருக்கும் குடும்பம் முகப்பைக் கூட்டி விளக்கேற்றுவதோடு சரி. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாம் வந்து இறங்கினார்கள், நான் காரைக்குடியிலிருந்து வண்டியிலேயே போய்விட்டேன். ராத்திரி முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவில் வரிசையாகப் பாயும் ஜமுக்காளமும் விரித்துப் படுத்தோம். முற்றத்திலிருந்து நல்ல காற்று, எல்லோருக்கும் பயணக் களைப்பு வேறு. ஆனால் காலையில் காபிக்கு வந்து உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கண் சிவந்திருந்தது. ஒருவர் மரச் சட்டம் முறிகிற சத்தம் என்றார், இன்னொருவர் புறா என்றார், சின்னம்மா தலையணையைக் குறை சொன்னார்கள். மறுநாள் ராத்திரி அதே பாய், அதே தலையணை, அதே புறா. எல்லோரும் அயர்ந்து தூங்கினார்கள், பிள்ளைகளை எழுப்பத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இடம் புதுசு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத்தான் மனசில் நின்றது. இடம் புதுசு என்றால் அது உடம்புக்குள் எப்படித் தெரிகிறது, மறுநாளே எப்படிப் பழசாகிறது?

அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் ராத்திரி தூங்குகிறவர்களின் மூளையை அளந்து பார்த்தபோது, ஆழ்ந்த தூக்கத்திலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தூங்கவில்லை, இடது பக்கத்தில் ஒரு பகுதி லேசாகவே தூங்கியது. மெல்லிய வித்தியாசமான சத்தம் கேட்டால்கூட அந்தப் பக்கம்தான் முதலில் சுதாரித்தது. அடுத்த முறை அதே இடத்தில் படுக்கவைத்தபோது இந்த வித்தியாசம் போய்விட்டது. டால்பின்களும் சில பறவைகளும் ஒரு பக்க மூளையை விழிக்கவைத்துக்கொண்டே தூங்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும், அதன் ஒரு சின்ன மிச்சம் மாதிரி ஒன்று நம்மிடமும் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், புது இடத்தில் முதல் ராத்திரி மூளையில் ஒரு பாதி காவலுக்கு உட்கார்ந்துவிடுகிறது.

அந்தக் காவல் என்கிற எண்ணம்தான் எனக்கு இந்த விஷயம் முழுவதையும் விளங்க வைத்தது. தூக்கம் பற்றிப் படிக்கும்போது அறை எப்படி இருக்க வேண்டும் என்பது ஒரு பக்கமும், மனசு எப்படி இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கமும் தனித்தனியாகக் கிடக்கும். என் புரிதலில் அவை இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. இப்போது காவலை விடலாமா, கூடாதா? இடமும் வெளிச்சமும் சூடும் சத்தமும் அதற்கு ஒரு பதில் கொடுக்கும், மனசில் மிச்சமிருக்கிற விஷயங்கள் இன்னொரு பதில் கொடுக்கும். இரண்டில் ஒன்று விடாதே என்று சொன்னாலும் போதும், ராத்திரி போயிற்று.

எங்கள் அப்பத்தா இதற்கு ஒரு சாட்சி. ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், கல்யாணமான புதிதில் பர்மாவில் ஒரு கடையில் இருந்தார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது அங்கிருந்து நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் காடும் மலையும் ஏறி நடந்தே வந்தார்கள், அந்தக் கூட்டத்தில் ஐயாவும் ஒருவர். மாதக் கணக்கில் கடிதம் இல்லை. அப்பத்தா படுத்திருந்தது இதே வீட்டில், இதே வளவில். அவர்களுக்கு அது புது இடம் இல்லை, காற்றுக்குக் குறை இல்லை, ராத்திரி ஏழு மணிக்கு மேல் வெளிச்சமும் இல்லை, செல்போன் என்கிற சொல்லே கிடையாது. இன்றைக்குத் தூக்கத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிறோமோ அத்தனையும் இருந்தது. ஆனால் அந்த நாலைந்து மாதமும் கண்ணை மூடவே இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "தூணை எண்ணுவேன், எண்ணி முடிச்சதும் திரும்ப எண்ணுவேன், விடிஞ்சுரும்" என்பார்கள்.

இடம் சரியாக இருந்தும் தூக்கம் வராததற்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கவலை என்பது உடம்புக்கு ஒரு ஆபத்துச் செய்திதான். புலி வந்தாலும் கடிதம் வராவிட்டாலும் அது ஒரே பாட்டையில்தான் ஓடுகிறது. இதயத் துடிப்பு கூடும், தசை இறுகும், கார்டிசால் போன்ற விழிப்பு ஹார்மோன்கள் குறைய வேண்டிய நேரத்தில் குறையாமல் நிற்கும், உடம்பின் உள்சூடு இறங்காது. இதெல்லாம் தூக்கத்துக்கு நேர் எதிர். அத்தோடு பகலில் அந்தக் கவலைக்குப் பக்கத்தில் அடுப்பு இருக்கும், கிணற்றடி இருக்கும், பேச்சுத் துணை இருக்கும். ராத்திரி எல்லாம் அடங்கியதும் அது ஒன்றுதான் மிஞ்சும், அதனால் பெரிசாகத் தெரியும்.

ஆலிசன் ஹார்வி என்கிற உளவியலாளர் 2002இல் இதற்கு ஒரு அருமையான விளக்கம் எழுதினார். முதலில் ஏதோ ஒரு கவலையால் தூக்கம் கெடுகிறது. சில நாளில் தூக்கம் வரவில்லையே என்பதே கவலையாகிவிடுகிறது. அதற்கப்புறம் ஆள் தன்னையே வேவு பார்க்கத் தொடங்குகிறார், மணி என்ன, கண் சொருகுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, நாளைக்கு வேலை எப்படி ஓடும் என்று. வேவு பார்க்கப் பார்க்க விழிப்பு கூடுகிறது. முதல் கவலை தீர்ந்து வருஷங்கள் ஆன பிறகும் தூக்கமின்மை மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். ஐயா காலெல்லாம் புண்ணாக வந்து சேர்ந்த பிறகும்கூட அப்பத்தாவுக்கு முகப்புக் கதவில் தாழ் விழும் சத்தம் காதில் கேட்டால்தான் தூக்கம் வரும் என்று ஆகிப்போனது.

சரி, நினைக்காமல் படு என்றால் போதாதா? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை நமக்குத் தெரியாததா. டேனியல் வெக்னர் என்பவர் 1987இல் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி, அவ்வளவுதான் வித்தியாசம். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை, பிறகு நினைக்கலாம் என்று விட்டதும் மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். காரணம் எளிது. ஒன்றை நினைக்கவில்லைதானே என்று சரிபார்க்க மூளையில் ஒரு மூலை அதையே தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தூக்கம் வராமல் புரளுகிறவரிடம் "எதையும் யோசிக்காம தூங்கு" என்று சொல்வது, நல்ல மனசோடு சொன்னாலும், குரங்கைக் கையில் கொடுப்பதுதான்.

யோசனையை விரட்டுவதைவிட வேறு ஒரு இடத்தில் இறக்கி வைப்பது நடக்கிற காரியம். இது எனக்குப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஐயா தினம் என் கண்முன்னால் செய்தார்கள். பர்மாவிலிருந்து வந்த பிறகு காரைக்குடியில் ஒரு இரும்புக் கடை வைத்து நடத்தினார்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பட்டாலையில் சாய்வு மேசையை இழுத்துப் போட்டு அன்றைய சிட்டையை எழுதுவார்கள், வரவு பற்று கூட்டி இருப்பைச் சரிபார்த்து மூடுவார்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை. காலையில் கிழித்த நாட்காட்டித் தாளை எடுத்து, அதன் வெற்றுப் பக்கத்தில் மறுநாள் செய்ய வேண்டியதை எழுதுவார்கள். நாலு வரி, ஐந்து வரி, அதற்கு மேல் போகாது. "தேவகோட்டை ஆணி லோடு, ஆள் அனுப்பு." "பத்து மணிக்குள் வங்கி." அதைப் பெட்டி மூடிக்குள் வைத்து அழுத்திச் சாத்துவார்கள். "நாளைக்கு உள்ளது பெட்டிக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்தால், நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே குறட்டை கேட்கும்.

சிட்டையை முடித்த நிம்மதியில்தான் தூங்குகிறார்கள் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். டெக்சாஸில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு 2018இல் வந்தது, அதைப் படித்தபோதுதான் நான் தப்பான தாளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று புரிந்தது. 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்தார்கள். படுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பாதிப் பேர் முடித்துவிட்ட வேலைகளை எழுதினார்கள், பாதிப் பேர் இனிமேல் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதினவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். அதிலும் யார் விவரமாக, பட்டுப் பட்டென்று பிரித்து எழுதினார்களோ அவர்கள் இன்னும் சீக்கிரம். ஆக ஐயாவுக்கு உதவியது சிட்டை இல்லை, அந்த நாட்காட்டித் தாள்.

ஒன்பது நிமிடம் சின்னதாகத் தெரியலாம். இருட்டில் புரளுகிறவருக்கு அது சின்னது இல்லை.

இது ஏன் என்பதற்கு ஒரு பழைய கண்டுபிடிப்பு உதவுகிறது. புளூமா ஸீகார்னிக் என்கிற பெண் 1927இல் எழுதினார், முடித்த வேலையைவிட நடுவில் நிறுத்தப்பட்ட வேலையை மனசு நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது என்று. எங்கள் தொழில் பாஷையில் சொல்வதென்றால் மனசுக்குப் பைசல் ஆனது மறந்துபோகும், பாக்கி மறக்காது. பாக்கியை அன்றைக்கே தீர்க்க முடியாது, ஆனால் எங்கே எழுதி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் மனசு அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறேன், மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்குக்குக் கடைசி நாள், அதற்கு முந்தின நாலு ராத்திரியும் எனக்குப் பெரும்பாடு. இந்த முறையை அப்போதுதான் சோதித்துப் பார்த்தேன். முதல் நாள் "ஜிஎஸ்டி முடிக்கணும்" என்று எழுதினேன், ஒரு பலனும் இல்லை, அது எழுதின கவலை, எழுதின வேலை இல்லை. அடுத்த நாள் இப்படி எழுதினேன். "மரக்கடை பில் இரண்டு வரவில்லை, காலை பத்துக்கு போன். பாத்திரக்கடை சப்ளையர் நம்பர் தப்பு, மாற்று. ஆத்தாவுக்குப் பிரஷர் மாத்திரை." தாளைச் சட்டைப் பையில் வைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். நடுவில் ஒருதரம் மரக்கடை ஞாபகம் வந்தது, சட்டையில் இருக்கிறது என்று தோன்றியது, அவ்வளவுதான் தெரியும். செல்போனில் குறித்து வைப்பது எனக்குச் சரிப்படவில்லை, அதை எடுத்தால் அது ஒன்றோடு நிற்பதில்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எதிர்பார்ப்பு உடம்புக்குள்ளேயே எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதற்கு இன்னொரு விஷயம். காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்னால் கிளம்பும். அதைப் பிடிக்க வேண்டிய ராத்திரி யாரும் சரியாகத் தூங்குவதில்லை, அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழிப்புத் தட்டிவிடும். ஜெர்மனியில் யான் போர்ன் என்பவரும் குழுவினரும் 1999இல் இதை அளந்தே காட்டினார்கள். 15 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒருநாள் ஆறு மணிக்கு எழுப்புவோம் என்றும் இன்னொருநாள் ஒன்பதுக்கு எழுப்புவோம் என்றும் சொல்லிப் படுக்கவைத்தார்கள். ஆறு என்று சொன்ன ராத்திரியில், எழுப்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னாலிருந்தே விழிப்புக்குத் தயார்செய்யும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் இரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிட்டது, ஆள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே. ஒன்பது என்று சொல்லிவிட்டு ஆறுக்கே எழுப்பியபோது அப்படி முன்கூட்டி ஏறவில்லை. படுக்கும்போது மனசில் போட்ட ஒரு வார்த்தை, ராத்திரி முழுக்க உள்ளே கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இனி இடத்துக்கு வருவோம், அதில் முதலில் சூடு. எங்கள் ஊர்ப்பக்கம் கத்திரி வெயிலில் ஒரு ராத்திரி இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் காரணம் தெரிந்துகொள்வது நல்லது. தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்சூடு இறங்கியாக வேண்டும், ராத்திரியில் மொத்தமாகச் சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும். அந்தச் சூடு வெளியே போகிற வாசல் கையும் காலும்தான். படுக்கும் நேரம் நெருங்கும்போது உள்ளங்கை, பாதத்து இரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே தள்ளுகின்றன. சுவிட்சர்லாந்தில் பாஸல் நகரத்து ஆய்வாளர்கள் 1999இல் காட்டியது இதைத்தான், பாதம் கதகதப்பானவர்கள் சீக்கிரம் தூங்கிப்போகிறார்கள், ஏனென்றால் அங்கே வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே காற்று உடம்பு அளவுக்கே சூடாக இருந்து புழுக்கமும் சேர்ந்துவிட்டால் வாசல் திறந்தும் போக வழியில்லை, வியர்வையும் உலராது. தூக்கம் வந்தாலும் ஆழ்ந்த தூக்கமும் கனவு வருகிற தூக்கமும் குறைகிறது. கைப்பட்டையில் தூக்கத்தை அளக்கிற கருவிகளை வைத்து 68 நாடுகளில் 47,000 பேருக்கு மேல் பார்த்து 2022இல் வந்த ஆய்வு, ராத்திரியிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் சராசரியாகப் பதினாலு நிமிடத்துக்கு மேல் தூக்கம் போகிறது என்கிறது.

செட்டிநாட்டு வீடு இதைப் பாதி அறிந்து கட்டினது. முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், உயரமான கூரை, சுண்ணாம்புச் சாந்து பூசின தடித்த சுவர், அடுக்கு ஓடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். ராத்திரியில் முற்றத்துத் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அங்கேயே இறங்கித் தங்கும், அது வளவுக்குள் கசியும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை வைத்தால் அந்த ஜில் கெண்டைக்கால் வரைக்கும் ஏறுவது தெரியும், சின்னப் பிள்ளையில் நான் பாயை ஒதுக்கிவிட்டுக் கால் மட்டும் கல்லில் படும்படி படுப்பேன். ஆனால் அந்த வீட்டில் எல்லா அறையும் இப்படி இல்லை. வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஒதுக்கின உள்வீடு இருட்டும் புழுக்கமுமாகத்தான் இருக்கும், தடித்த சுவர் பகலில் வாங்கின சூட்டை ராத்திரியில்தானே விடும். அதனால்தான் கோடையில் ஆண்கள் திண்ணைக்கும் மாடிக்கும் போனார்கள், அந்த வசதி பெண்களுக்கு இல்லை. அடுக்களையைக் கடைசியாக மூடிவிட்டு வந்து படுத்து, முதல் ஆளாக எழுந்ததும் அவர்கள்தான். பழைய வீட்டைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். உலகப் பாரம்பரிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன, பெருமைதான், அந்தப் பெருமைக்குள் அந்தப் பெண்களுடைய தூக்கமும் அடங்கியிருக்கிறது.

இப்போது காரைக்குடியில் நாங்கள் இருப்பது கான்கிரீட் வீடு. தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு நடுராத்திரி வரைக்கும் கீழே படுத்திருக்கிறவர் மேல் கக்கும், மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். சாயந்திரம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பது வீண்வேலை இல்லை, தண்ணீர் ஆவியாகும்போது தளத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. முடிந்தவர்கள் மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால் பகலிலேயே சூடு குறைவாகத்தான் ஏறும். அப்புறம் குளியல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் 40 டிகிரிக்குச் சற்று மேலான வெதுவெதுப்பான நீரில் குளித்தால் சுமார் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் பிடிக்கிறது. வெந்நீர் எப்படிக் குளிர்ச்சி தரும் என்றால், அதே கை கால் வாசல்தான், தோலுக்கு இரத்தம் ஓடிவந்து அப்புறம் உள்சூடு வேகமாக இறங்குகிறது. சித்திரை மாதத்தில் நாம் வெந்நீர் போடவே வேண்டாம், சாயந்திரம் மாடித் தொட்டித் தண்ணீரே கதகதப்பாகத்தான் வரும்.

வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஆனாலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. எல்லோரும் செல்போனைத்தான் சொல்கிறார்கள், கூடத்து டியூப்லைட்டை மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குள் பார்வைக்கு இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன, நீல வெளிச்சத்துக்குத்தான் அவை அதிகம் அசைகின்றன. அவை பகல் என்று சொன்னால், ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். 2011இல் வெளிவந்த ஒரு ஹார்வர்டு ஆய்வில், படுப்பதற்கு முந்தின மணி நேரங்களில் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, மங்கல் வெளிச்சத்தில் இருந்தவர்களைவிட மெலட்டோனின் இருக்கும் நேரம் சுமார் ஒன்றரை மணி குறைந்தது. எட்டரைக்கு மேல் கூடத்து வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு ஒரு மஞ்சள் பல்பைப் போடுவது அதிகச் செலவு இல்லாத வைத்தியம்.

செல்போனில் வெளிச்சத்தைவிட அதற்குள் இருப்பதுதான் பெரிய கேடு என்பது என் கருத்து. பங்காளிகள் குழுவில் ராத்திரி பத்தரைக்கு ஒருவர் வீட்டுப் பாகம் பற்றி ஒரு வரி போடுவார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் திரையின் நிறத்தை மஞ்சளாக மாற்றிக்கொண்டு என்ன பயன்? நடக்கிற ஒரு சண்டை, பாதியில் நிற்கிற ஒரு பேச்சு, பதில் போடாத ஒரு கேள்வி, எல்லாம் புதுப் பாக்கி. பெட்டியைச் சாத்தின பிறகு கடைக்குள் ஆள் வந்து நிற்கிற மாதிரி. நான் போனை ஒன்பதரைக்குச் சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டுவிடுகிறேன். அவசரம் என்றால் மணி அடித்தால் கேட்கும், படிக்கத்தான் எழுந்து போக வேண்டும்.

சத்தத்துக்கு உடம்பு பழகிவிடும் என்பார்கள், அது பாதிதான் சரி. மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடுவதற்குப் பழகலாம். திடீரென்று எழும் சத்தத்துக்கு விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு ஏறி இறங்கும், காலையில் காரணம் தெரியாத அசதி இருக்கும். திருவிழா எனக்கும் பிடிக்கும், ஆனால் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருடத்து மத்திய அரசு விதியே இருக்கிறது, அதைக் கேட்பது சாமிக்குக் குறை வைப்பது ஆகாது. காபிக்கு ஒரே வரி, குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கும், ஆறு மணிப் பலகாரத்தோடு குடிக்கிற டம்ளர் பதினொரு மணிக்கும் வேலை செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாய் விஷயம். ரிச்சர்ட் பூட்சின் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1972இல் தூக்கமின்மைக்கு ஒரு முறை சொன்னார். தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போ, படுக்கையில் வேறு எந்த வேலையும் செய்யாதே, கொஞ்ச நேரத்தில் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடு, கண் சொருகும்போது திரும்பி வா, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு. படுக்கை என்றாலே தூக்கம் என்று மூளை மறுபடி கற்றுக்கொள்வதுதான் இதன் வேலை. எங்கள் வீட்டில் பாய் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தப்படும், ராத்திரி வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது, பகலில் விரித்தால் அப்பத்தா சத்தம் போடுவார்கள். பாய் என்றால் தூக்கம், அதற்கு மேல் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. இப்போது கட்டில் வந்துவிட்டது, அது நாள் முழுக்க விரித்தே கிடக்கிறது, அதிலேயே சாப்பிடுகிறோம், பிள்ளை படிக்கிறான், நான் மடிக்கணினியில் கணக்குப் பார்க்கிறேன், சண்டையும் அதில்தான். ராத்திரி பத்து மணிக்கு மட்டும் அது தூங்குகிற இடமாக மாறிவிட வேண்டும் என்றால் மூளைக்கு எப்படித் தெரியும்? நான் இப்போது கணக்கைக் கூடத்து மேசைக்கு மாற்றிவிட்டேன். தூக்கம் பிடிக்காத ராத்திரி எழுந்து ஊஞ்சலில் உட்கார்ந்துவிடுகிறேன், கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாகிவிட்டது.

இத்தனையும் செய்தும் வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தால் அது வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம். கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மாத்திரை கொடுக்காமல், நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றுகிற பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்கிற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது, பூட்சின் சொன்னதும் அதற்குள் ஒரு பகுதி. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது மூச்சுக்குழாய் சம்பந்தப்பட்டது, விளக்கை அணைப்பதாலோ தாளில் எழுதுவதாலோ தீராது. அதைத் தள்ளிப்போடவே கூடாது.

எங்கள் ஆத்தாவுக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது. படுத்த பிறகு தினமும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "தம்பி, கேட்டைப் பூட்டிட்டியா?" பூட்டியாச்சு ஆத்தா. "கேஸ்?" அடைச்சாச்சு. "மோட்டார் சுவிட்ச்?" முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும், படுத்த இடத்திலிருந்தே எல்லாம் ஆச்சு ஆத்தா என்று மொத்தமாகச் சொல்லிவிடுவேன், அப்போதெல்லாம் பத்து நிமிடம் கழித்து அவர்களே எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்கும். இப்போது கதவடியிலிருந்து பதில் சொல்கிறேன், பூட்டை ஒருதரம் பலமாக இழுத்து விடுகிறேன், இரும்புச் சத்தம் உள்ளே கேட்கட்டும் என்று. மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது.